கடல் கடந்த கலை உறவுகளும் புரவலர் மரபும்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு ஏலமலைத் தொடர் கண்முன் விரியும். அம்மலையில் விளையும் ஏலக்காய் போடிக்கு இறங்கி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை பேசப்பட்டு, அரபு நாடுகள் வரை செல்கிறது. அரபு மக்கள் அதனை 'ஹைல்' என்பர். ஹைல் மணக்காத கஹ்வாவை வளைகுடா விருந்தோம்பலில் காண்பது அரிது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், கத்தார் ஆகிய நான்கு நாடுகளும் கூடி அளித்த விண்ணப்பத்தின் பேரில், அரபுக் காப்பியை மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ 2015இல் ஏற்றது. அந்த மரபின் மணத்தில் நம் மலைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆயினும், சரக்கு சென்ற வழியில் நம் சொல்லும் இசையும் சென்றனவா? இவ்வினா நம் சமுதாய இளைஞர்களிடமிருந்து இன்று அடிக்கடி எழுகிறது. முன்னோர் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளை வீட்டில் வைத்திருப்போர், நாகூர்ப் பாடல்களைக் கற்றோர், தமிழிலிருந்து அரபிக்கு மொழிபெயர்க்கும் ஆற்றல் பெற்றோர் எனப் பலரும் பிற நாட்டாரோடு கலை உறவு கொள்ள விழைகின்றனர். யாரை அணுகுவது, பொருள் தருவார் யார், உடன் நின்று உழைப்பார் யார் என்பதே அவர்தம் தயக்கம். இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால் போதும்.

சீறாவுக்கு அமைந்த துணைகள்

உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களால் ஆன பெருங்காப்பியம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் அது பாடுகிறது. அரபுமொழி வரலாற்றுச் செய்தியைத் தமிழ்க் காப்பிய மரபில் வார்த்த அம்முயற்சி, இன்றைய வழக்கில் சொல்வதாயின், ஒரு பன்னாட்டுப் பண்பாட்டுப் பரிமாற்றமே ஆகும். அது எவ்வாறு நிறைவேறியது?

முதலில் பொருளுதவி. கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் கடல் வணிகர். ஐரோப்பியக் கம்பெனியாரோடும் வாணிபத் தொடர்பு கொண்டிருந்தவர். காப்பியம் பாடுமாறு உமறுவை வேண்டியவர் அவரே. இரண்டாவது, அறிவுத்துணை. அரபு மூலங்களை அறியாது அவ்வரலாற்றைப் பாடுதல் இயலாது. ஆகவே புலவர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை அணுகினார். அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், பின்னர் இசைந்து பரங்கிப்பேட்டையிலிருந்த மார்க்க அறிஞர் ஒருவரிடம் அனுப்பினார் என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. மூன்றாவது, இலக்கியப் பயிற்சி. இதனை உமறு பெற்றது எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம். வணிகர், ஆலிம், சைவப் புலவர் ஆகிய மூவர் துணையும் ஒருங்கே கூடியதால்தான் சீறா பிறந்தது.

நூல் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்தார். புரவலர் ஒருவரையே நம்பிய பணிகள் பல அவ்விடத்தில் நின்றுவிடுவது உலக இயல்பு. சீறா நின்றுவிடவில்லை. பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பேற்றார். அவர் பெயரை உமறு 22 இடங்களில் நன்றியுடன் போற்றியுள்ளார். தொடங்கி வைத்த சீதக்காதியின் பெயரோ காப்பியத்துள் இல்லை. இதற்கு ஆய்வாளர் பல காரணங்கள் கூறுவர். எனினும் இறந்த பின்னும் கொடுத்தவர் என்று தமிழுலகம் இன்றளவும் அவரையே சொல்கிறது. பெயர் பொறிக்கப்படுவதை எதிர்பாராத கொடைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஏட்டில் இருந்த அக்காப்பியத்தைத் தேடித் தொகுத்து 1842இல் அச்சேற்றியவர் புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். ஒரு படைப்பு மக்களைச் சென்றடைய நூற்றாண்டு கடந்தும் துணைவர் தேவைப்படுவர் என்பதை இதனால் உணரலாம்.

அச்சும் கப்பலும்

19ஆம் நூற்றாண்டில் வள்ளல்களின் இடத்தைச் சந்தாதாரர்கள் பகிர்ந்துகொண்டனர். கண்டியில் மு. கா. சித்திலெப்பை (1838–1898) 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். எகிப்தின் விடுதலைப் போராட்டத் தலைவர் உறாபி பாஷா ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்து சேர்ந்தபோது, சித்திலெப்பை அவரோடு நெருங்கிய தொடர்பு கொண்டார். கைதியாய் வந்தவரை அறிவுத் தோழராகக் கண்டார். அத்தோழமையும் கட்டடக் கலைஞர் வாப்பிச்சி மரைக்காரின் ஆதரவும் இணைந்ததன் விளைவே 1892இல் கொழும்பில் தோன்றிய ஸாஹிராக் கல்லூரி. சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அஸன்பேயுடைய சரித்திரம்' என்னும் தமிழ் நாவலின் கதைக்களமும் எகிப்து வரை விரிவது ஈண்டு நினைக்கத்தக்கது.

அதே காலத்தில் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழை 1887 முதல் நடத்தினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) பினாங்கு சென்று 'வித்தியா விசாரிணி'யின் ஆசிரியராய் விளங்கினார். பின்னாளில் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டபோது, அச்சங்கப் புலவர் வரிசையில் நாவலரும் இடம்பெற்றார். பினாங்கிலும் மதுரையிலும் ஒருவரே மதிக்கப்பட்டமைக்கு அவர்தம் புலமையோடு, எல்லாத் தரப்பாருடனும் இணைந்து பணியாற்றிய பண்பும் காரணமாகும்.

மாநாடுகள் தந்த பாடம்

20ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மருதமுனை 1966இல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டை நடத்தி வழிகாட்டியது. தமிழகத்தில் திருச்சி 1973இல் தொடங்கிவைத்தது. பின்னர் காயல்பட்டினம் 1978, கொழும்பு 1979, கீழக்கரை 1990, சென்னை 2007, கோலாலம்பூர் 2011 எனக் கடலின் இருகரையிலும் மாநாடுகள் கூடின. ஊர்ப் பெருமக்களும் வணிகர்களும் விருந்தோம்பலை ஏற்றனர். பேராசிரியர்கள் ஆய்வுரைகளை அளித்தனர். மறந்த நூல்கள் பல வெளிச்சத்திற்கு வந்தன. ஆனால் மாநாட்டுப் பந்தல் பிரிக்கப்பட்ட பின் பணியைத் தொடர நிலையான அமைப்பு வேண்டும். விழாவுக்குப் பொருள் தர முன்வருவோர் பலர். ஏட்டைப் படியெடுப்பவர்க்கு மாத ஊதியம் தர முன்வருவோர் சிலரே. இவ்வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆசாத் அமைத்த வழி

மக்காவில் பிறந்து இந்தியாவின் முதற் கல்வி அமைச்சராய் உயர்ந்த மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950இல் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தை நிறுவினார். கலைஞர்களை அயல்நாடுகளுக்கு அனுப்புவதும் அங்குள்ளோரை இங்கு வரவேற்பதும் அதன் பணிகள். அக்கழகம் அதே ஆண்டில் 'ஸகாஃபதுல் ஹிந்த்' என்னும் அரபு இதழையும் தொடங்கியது. அரபுக் கல்லூரி மாணவர் பலர்க்கு இவ்விதழின் பெயர்கூடத் தெரியாதிருப்பது வருந்தத்தக்கது. அரபு படித்த தமிழர் எழுத வேண்டிய இடங்களுள் அதுவும் ஒன்றன்றோ!

வேறு வாயில்களும் உள்ளன. அழியும் நிலையிலுள்ள ஏடுகளை மின்னுருவாக்கப் பிரித்தானிய நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டம் 2004 முதல் நல்கை அளித்து வருகிறது. இலங்கை மலாய் மக்களின் கைப்பிரதிகள் அத்திட்டத்தால் காக்கப்பட்டன. 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியையொட்டித் தமிழக அரசு மொழிபெயர்ப்பு மானியம் அறிவித்தது. சிங்கப்பூரில் 1830ஆம் ஆண்டளவில் கட்டிமுடிக்கப்பட்ட நாகூர் தர்கா 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சென்னையைச் சேர்ந்த எர்த்சிங்க் நிறுவனம் உருவாக்கிய 'லயா புராஜெக்ட்' என்னும் இசைப்படத்தில், இலங்கை, இந்தோனேசியா, மாலத்தீவு, தாய்லாந்து, மியான்மர் கலைஞர்களுடன் நாகூர்ப் பாடகர்களின் குரலும் இடம்பெற்றது.

செய்யத்தக்கன

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில நெறிகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பொருள் தேடுமுன் அறிவுத்துணை தேடுக. உமறு அப்பாவை நாடியது போன்று. இரண்டாவது, ஒருவரையே சார்ந்திராமல் மற்றொரு துணைவரையும் தொடக்கத்திலேயே இணைத்துக்கொள்க. மூன்றாவது, யார் என்ன தருவர், ஏடும் ஒலிப்பதிவும் யாருக்கு உரியன, யார் பெயர் எங்கே இடம்பெறும் என்பதை எழுத்தில் வரைந்துகொள்க. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. வணிகத்தில் நாம் கடைப்பிடிக்கும் இவ்வொழுங்கைக் கலைப்பணியில் மட்டும் கைவிடுவானேன்? மூலப்பிரதி ஊரிலேயே இருக்க, அதன் படி மட்டும் வெளிநாடு செல்லலாம். நான்காவது, பெறுவதோடு நில்லாது நாமும் தர வேண்டும். அங்கிருந்து வருவோர்க்கு நம் ஏடுகளையும் மரபுகளையும் விளக்க வல்லோர் நம்மிடையே இருந்தால்தான் அது பரிமாற்றம் ஆகும். இல்லையேல் நாம் வெறும் காட்சிப் பொருளாவோம்.

ஏலமலைச் சாரலுக்குக் கொடை மரபு புதிதன்று. உத்தமபாளையத்தில் 1956 முதல் கல்விப்பணி ஆற்றிவரும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, இப்பகுதி வணிகச் செல்வம் அறிவுச் செல்வமாய் மாறியதற்குக் கண்கண்ட சான்று. ஏலக்காய் வாங்க வரும் வெளிநாட்டு வணிகத் தொடர்புகளே நம் பெருமக்களுக்கு முதல் வாயிலாக அமையக்கூடும். ஆண்டுதோறும் ஒரு மூட்டை ஏலக்காயின் விலையை ஒரு நூலின் அரபு மொழிபெயர்ப்புக்கென ஒதுக்கும் வணிகர் பத்துப்பேர் முன்வந்தாலும் போதும், சாரலில் ஒரு சிறு பண்பாட்டு வக்ஃபு உருவாகிவிடும். கறையான் நம் கூட்டங்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஓர் ஏடு மடிந்தால், அதனோடு அடுத்த நாட்டாரிடம் நாம் சொல்லவிருந்த சொல்லும் மடிகிறது.

மனிதர்களைப் பல கிளையினராய் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்கே என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்துகிறது. அந்த அறிமுகத்திற்குக் கலை ஒரு நல்ல தூது. அத்தூதினை அனுப்பும் நல்லெண்ணத்தையும் அதற்கேற்ற துணைவரையும் வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.