தஞ்சைப் பெருங்கோயிலின் சோழர் ஓவியங்கள்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் வானளாவிய விமானத்தைக் கண்டு கைகுவிக்கின்றனர். முதலாம் இராசராச சோழர் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவுசெய்த அத்திருக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்து, இரு பெருஞ்சுவர்களுக்கு இடையே, இருள் செறிந்த உட்சுற்று ஒன்று உளது. அச்சுற்றில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்து கிடந்ததை 1931ஆம் ஆண்டு வரை உலகம் அறியவில்லை.

அவ்வாண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி விளக்குடன் அவ்விருளினுள் புகுந்தார். அவர் கண்முன் தோன்றியவை தஞ்சை நாயக்க மன்னர் காலத்து ஓவியங்கள். ஆயினும் சுதை பெயர்ந்து விழுந்திருந்த சில இடங்களில், அடியில் வேறோர் ஓவியம் தென்பட்டது. அதன் கோடுகள் மேலடுக்கின் கோடுகளை ஒத்திருக்கவில்லை. இராசராசர் காலத்து ஓவியர்களின் கைவண்ணம் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒளி கண்டது.

அச்சுவர்களில் சிறந்து விளங்குவது சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு. முதியவராய் வந்த இறைவன் ஒரு கையில் குடையும் மற்றொரு கையில் ஓலையும் தாங்கி, அவையோர் நடுவே வழக்குரைக்கின்றார். திருமண வீட்டில் உணவு சமைப்போரையும் ஓவியர் விட்டுவிடவில்லை. பின்னர்ச் சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்கு விரைகின்றனர். மேலே, புலித்தோல்மீது வீற்றிருக்கும் பெருமான் ஆடல் மகளிரின் நடனத்தைக் கண்டருள்கின்றார். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12ஆம் நூற்றாண்டில். அதற்கு 100 ஆண்டுகளுக்கும் முன்னரே இத்திருத்தொண்டர் வரலாறு சுவரில் எழுதப்பட்டுவிட்டது என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

திரிபுரம் எரித்த கோலமும் அங்கே உளது. பிரமன் தேர் செலுத்த, பல கரங்களுடன் வில்லேந்தி நிற்கும் இறைவனின் முகத்தில் வெகுளியும் புன்முறுவலும் ஒருங்கே திகழ்கின்றன. மற்றொரு பகுதியில், தில்லைக் கூத்தன் திருமுன் அரசர் ஒருவர் தேவியருடன் நின்று வழிபடுகின்றார். அவர் இராசராசரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இத்தகைய ஓவியங்களைக் கண்டு மகிழ்வதற்கும் பயிற்சி வேண்டும். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திர சூத்திரம், வண்ணப் பொலிவைப் பொதுமக்கள் விரும்புவர் என்றும், கோட்டின் திறத்தையே ஆசான்மார் போற்றுவர் என்றும் உரைக்கிறது. கூத்து அறியாதவன் ஓவியம் அறியான் என்பதும் அந்நூலின் கொள்கை. தஞ்சையில் இவ்வுண்மையைக் கண்ணாலேயே காணலாம். ஓவியச் சுற்றுக்கு மேல்தளத்தில் நாட்டிய கரணங்கள் சிற்பங்களாக உள்ளன. வகுக்கப்பட்ட 108 கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கி முடிக்கப்பெற்றன. மேலே கல்லில் நின்ற ஆடல், கீழே கோட்டில் அசைகிறது.

அக்கோடு எளிதில் கைவந்ததன்று. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் 1930களில் இவற்றை ஆராய்ந்து, ஈரச் சுதைமீது தீட்டப்பட்டவை என்று கண்டார். சுண்ணாம்புச் சுதை ஈரமாக இருக்கும்போதே வண்ணம் இடல் வேண்டும். சுதை உலருங்கால் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லென இறுகும். வண்ணமும் அதனோடு ஒன்றிவிடும். பசையின்றியே வண்ணம் நிலைபெறும் இம்முறையில் பிழை திருத்த நேரமில்லை. ஆகவே ஓவியம் பயில்வோன் முதலில் கோட்டைப் பயிலல் வேண்டும். கை தயங்காது, கண் தவறாது, உள்ளம் சிதறாது இருக்கும் நிலையை அடைந்த பின்னரே சுவரை அணுகுதல் கூடும். தியானத்திற்கு வேண்டும் ஒருமை இதற்கும் வேண்டும்.

நாயக்கர் கால ஓவியரும் இறைவன் திருவிளையாடல்களையே தீட்டினர். அவர்கள் பூசிய சுதை பழைய ஓவியத்தை மறைத்தது. அதுவே போர்வையாய் நின்று காத்தும் தந்தது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் மேலடுக்கின் பகுதிகளைச் சிதையாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர். கீழிருந்ததைக் காண மேலிருந்ததை அழிக்கவில்லை. இரு காலத்தார் தொண்டும் காக்கப்பெற்றது.

எல்லாக் கோயில் சுவர்களுக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. திருப்பணி என்னும் நல்லெண்ணத்துடனே பூசப்பட்ட வெள்ளையினாலும், பெயர்த்தெறியப்பட்ட பழஞ்சுதையினாலும் மறைந்த ஓவியங்கள் பல. புதுமெருகு ஒரு மாதத்தில் வரும். இழந்த கோடு எந்நாளும் வாராது. மங்கிய சுவரைக் காணும் அன்பர்கள், சுண்ணாம்புக் கலயத்தைத் தொடுமுன் விளக்கொன்றை ஏற்றிச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். வண்ணத்தின் சாயல் சிறிது தெரியினும், அறிந்தாரை அழைத்துக் காட்டிய பின்னரே வேலையைத் தொடர்தல் முறை. அங்ஙனம் காத்தலும் கோபுரம் எடுப்பித்தலோடு ஒப்பத்தக்க திருப்பணியே.

தஞ்சையின் உட்சுற்றினுள் பொதுவாக எல்லோரும் செல்ல இயலாது. ஆயினும் அவ்வோவியங்களின் படங்களைக் கோயிலிலுள்ள விளக்கக் கூடத்தில் காணலாம். பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஒரு முகத்தின் கோட்டையேனும் தாளில் வரைந்து பழகச் செய்தல் நன்று. வரைந்து பார்த்த கண், பின்னர் எந்தக் கோயிற் சுவரையும் வெறுஞ்சுவராகக் கருதாது.

பெயர் பொறியாது தொண்டு செய்த அவ்வோவியர்களின் கைத்திறன் நின்று நிலவப் பெருவுடையார் திருவருள் துணைநிற்பதாக.