யீஜிங் தங்கிச் சென்ற துறைமுகம்

மொழி தெரியாத நாட்டுக்குத் தன்னந்தனியே புறப்படுகிறவர்களுக்கு வழிகாட்டி நூல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பத்து வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தங்குமிடத்தின் முகவரியை அவ்வூர் எழுத்திலேயே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பன போன்ற யோசனைகளை நாமெல்லோரும் படித்திருப்போம். இத்தகைய யோசனைகளின் பழைய தடத்தைத் தேடிப் போனால், ஏழாம் நூற்றாண்டில் சுமத்திராவில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு சீனத் துறவியிடம் வந்து சேர்கிறோம். அவர் பெயர் யீஜிங். நம் வரலாற்று நூல்களில் இத்சிங் என்று காணப்படுபவர் இவரே.

அவருக்கு முன்னர் இந்தியா வந்த இருவரை நாம் நன்கறிவோம். கி.பி. 399-இல் சாங்கானிலிருந்து புறப்பட்ட பாகியான், துறவிகளுக்குரிய விநய நூல்களைத் தேடி வந்தவர். வட இந்தியப் பகுதிகளில் அவை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்தமையால் படியெடுக்க ஏடு கிடைக்கவில்லை. பாடலிபுத்திரத்தில் ஏடுகளைக் கண்டடைந்த பின்னர், மூன்றாண்டுகள் அங்கேயே தங்கி வடமொழியைப் பேசவும் எழுதவும் கற்றார். யுவான் சுவாங்கின் வழி வேறு. காவோசாங் நாட்டு மன்னர், வழியிலுள்ள இருபத்து நான்கு நாடுகளுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதி, ஒவ்வொன்றுடனும் பட்டு இணைத்துக் கொடுத்தார். மேலைத் துருக்கியரின் ககான், சீனம் அறிந்த இளைஞன் ஒருவனைத் துணைக்கு அனுப்பினார். முன்னவர் சென்ற இடத்தில் மொழியைக் கற்றார். பின்னவர் வழியில் பிறர் நாவைக் கடன் வாங்கினார்.

யீஜிங் தேர்ந்தது மூன்றாவது வழி. கி.பி. 671-இல் குவாங்சௌவில் பாரசீகக் கப்பல் ஒன்றில் ஏறியவர், இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். இன்றைய பாலெம்பாங் பகுதி அது. நேரே இந்தியா செல்லாமல் அங்கே ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். 673-இல் வங்கக் கரையிலுள்ள தாம்ரலிப்தியில் இறங்கிய பின்னும் அவசரப்படவில்லை. அங்கே நெடுங்காலம் வாழ்ந்து மொழி தேர்ந்திருந்த சீனத் துறவி ஒருவருடன் ஏறத்தாழ ஓராண்டு தங்கிக் கற்ற பிறகே உள்நாட்டுக்குப் புறப்பட்டார்.

இத்தனை ஆயத்தமும் எதற்கு? பேரம் பேசவும் வழி கேட்கவும் இவ்வளவு இலக்கணம் வேண்டியதில்லை. வழியில் ஒரு தீவில் அவர் கண்டதே இதற்குச் சான்று. தேங்காயும் வாழைப்பழமும் ஏற்றிய படகுகளில் வந்து கப்பலைச் சூழ்ந்த தீவினர் கேட்டது இரும்பு மட்டுமே. இரண்டு விரலளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய்கள்! அங்கே பேச்சுக்கு அதிக வேலை இருந்திராது. மொழி கைகொடுக்காத நேரமும் அவருக்கு வாய்த்தது. மகாபோதிக்குச் செல்லும் வழியில் நோயுற்றுக் கூட்டத்திலிருந்து பின்தங்கியபோது கள்வர்கள் அவர் ஆடைகளைப் பறித்துக்கொண்டனர். வெளிறிய தோலுடையோரைப் பலியிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்த அவர், உடலெங்கும் சேற்றைப் பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு, கோலூன்றி நடந்து இரவில் தோழர்களை அடைந்தார்.

அவர் மொழி கற்றது வேறொரு காரணத்துக்காக. துறவிகள் உண்பதும் உடுப்பதும் எவ்வாறு என்று கூறும் விதிகளைச் சீனத்தில் பலர் பிழையாகப் புரிந்துகொண்டு பின்பற்றுகிறார்கள் என்பது அவருடைய ஆழ்ந்த குறை. சொல் பிழைத்தால் வாழ்க்கைமுறையே பிழைத்துவிடும் என்று நம்பியவருக்கு மொழி வெறும் பயண வசதியாக இருக்க முடியாது.

நாளந்தாவில் பத்தாண்டுகள் கற்றபின் ஏடுகளோடு ஸ்ரீவிஜயம் திரும்பினார். 689-இல் மையும் தாளும் கேட்டுக் குவாங்சௌவுக்குக் கடிதம் அனுப்பக் கப்பலேறியபோது, காற்று வாய்த்ததென்று பாய் விரித்துவிட்டார்கள். அவர் இறங்க இயலவில்லை! ஏடுகள் ஸ்ரீவிஜயத்திலேயே கிடந்தன. சீனக்கரை சேர்ந்தவர், உதவிக்குச் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வாண்டே மீண்டும் திரும்பினார்.

692-இல் அங்கிருந்து சீனத்துக்கு அனுப்பிய நூல்களில் ஒன்றில், தமக்கு முன்னும் தம் காலத்திலும் மேற்கே சென்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் வரலாற்றை எழுதியிருக்கிறார். கடாரத்திலிருந்து முப்பது நாளில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை சென்ற ஒருவரும் அவர்களுள் உண்டு. கடலில் மூழ்கியோர், நோயில் மடிந்தோர், ஊர் திரும்பாதோர் பலர். அப்பெயர்களின் அருகில் வைத்துப் படிக்கும்போதுதான் அவருடைய யோசனையின் கனம் நமக்குப் புரிகிறது. ஸ்ரீவிஜயத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய கல்வியும் ஒழுக்கமும் நடு இந்தியாவில் உள்ளவைபோன்றவையே. மேற்கே போக விரும்பும் சீனத் துறவி ஓரிரண்டு ஆண்டுகள் இங்கே தங்கிப் பழகியபின் செல்வது நன்று என்கிறார் அவர்.

அவர் தாம் புறப்பட்டபோது தங்கியதோ ஆறே மாதம். பின்னால் வருகிறவர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கும் நான்கு மடங்கும் பரிந்துரைக்கிறார். தமக்குப் போதாமற்போனது எவ்வளவு என்பதை அவர் அந்தக் கணக்கிலேயே சொல்லிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது.