பத்து ரூபாய்க்கு முன்னால் ஐந்து சென்ட்

1959-ல் ஓஹாயோவில் பிக்னிக் போன எர்மல் ஃப்ரேஸ் என்ற பொறியாளரிடம் பீர் கேன்கள் இருந்தன, ஓப்பனர் இல்லை. கார் பம்பரில் இடித்துத் திறந்தாராம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இழுத்தால் கையோடு வந்துவிடும் உலோக வளையம். அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கதை ரொம்பப் பழக்கமானது. கச்சிதமான தீர்வு. ஆனால் கையோடு வந்த வளையத்தை எங்கே போடுவது? அந்தக் கேள்விக்கு அதில் இடமே இல்லை. ஜனங்கள் மணலில் போட்டார்கள். கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தை அது கிழித்தது.

கண்ணாடியின் கதை இன்னும் பழையது. கடைக்குத் திரும்பிப் போகாத பாட்டில்கள் பெருகியபோது, வெர்மான்ட் மாநில விவசாயிகள் வைக்கோலில் கண்ணாடித் துண்டு கிடப்பதாகவும் மாடுகள் அதைத் தின்றுவிடுவதாகவும் புகார் சொன்னார்கள். 1953-ல் அங்கே அத்தகைய பீர் பாட்டில்களுக்குத் தடை வந்தது. நான்கே வருடத்தில் காலாவதியும் ஆனது. அதே 1953-ல், பாட்டில், கேன் தயாரிக்கும் நிறுவனங்கள் சேர்ந்து 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கின. குப்பை போடுகிறவனைத் திருத்தினால் போதும் என்பது அதன் பிரச்சாரம். செய்கிறவன், விற்கிறவன் பேச்சே எழவில்லை.

ஆரிகனில் ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்று ஒருவர். மலையிலும் கடற்கரையிலும் நடப்பதில் பிரியமுள்ளவர். போகிற வழியெல்லாம் கேனையும் பாட்டிலையும் பொறுக்கிக்கொண்டே நடப்பார். பொறுக்கினார், மறுபடி கிடந்தது. 1968-ல் தன் தொகுதிப் பிரதிநிதி பால் ஹேன்மனை போனில் பிடித்துச் சட்டம் கேட்டார். முதல் முயற்சி 1969-ல் தோற்றது. தொழில்துறையின் கடும் எதிர்ப்பை மீறி 1971-ல் ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். பாட்டிலுக்கு ஐந்து சென்ட் முன்பணம், திருப்பிக் கொடுத்தால் அது கையில். கழன்று விழும் வளையத்துக்கும் தடை. சாலையோரக் குப்பையில் 40 சதவீதமாக இருந்த பாட்டிலும் கேனும் 1979-ல் 6 சதவீதமாகச் சுருங்கின. கேனோடு ஒட்டியே இருக்கும் இன்றைய திறப்பு 1975-ல் வந்தது.

நம்மூருக்கு இது 2022-ல் வந்து சேர்ந்தது. காட்டில் உடைந்து கிடக்கும் மது பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றம் வரை போக, அந்த மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. மற்ற மாவட்டங்களுக்குப் பரவியபோது, வேலையும் கூடுது, அடுக்க இடமும் இல்லை என்று கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். நியாயமான குரல்தான். விற்பனையின் சுமை கடைசியில் சம்பளம் குறைந்தவர் தலையில்தான் விடிகிறது.

முழுப் பாட்டிலுக்குத்தான் பத்து ரூபாய். உடைஞ்சதுக்கு யாரும் காசு தர்றதில்லை, அது காட்டுலேயே கிடக்கும். டிரெக்கிங் போகிற நண்பர்கள் அதைப் பொறுக்குவது நல்ல காரியம், ஆனா முறையா செய்யணும். மெல்லிய ரப்பர் கையுறை கண்ணாடியைத் தடுக்காது. தடித்த தோல் கையுறை, கெட்டி அடியுள்ள ஷூ, ஒரு இடுக்கி வேண்டும். துண்டுகளை கேரி பேக்கில் போட்டால் கிழித்துக்கொண்டு உங்கள் காலுக்கே வரும். பழைய பெயின்ட் வாளியில் போடுங்கள், அமுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத புதருக்குள் கை விடாதீர்கள். ஊசி கிடந்தால் மூடி மாட்ட முயலவே கூடாது. இடுக்கியால் எடுத்து, ஊசி துளைக்காத கெட்டி டப்பாவில் போட்டு மூடுங்கள். டப்பா இல்லையென்றால் தொடாமல், இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள்.

வாளி நிறைந்த பிறகு, அதில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுதிவைப்பது என் வழக்கம். அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே பொருள் கிடந்தால், இனி பேச வேண்டியது அதை விற்கிறவர்களிடம். சேம்பர்ஸ் போனை எடுத்தது அதற்குத்தான்.