காற்று யாருக்கு?

செஞ்சிக் கோட்டை என்றதுமே ராஜா தேசிங்கும் அவன் குதிரையும்தான் நமக்கு நினைவு வரும். 1714-ல் ஆற்காட்டு நவாபின் சேனையோடு மோதி மாண்ட அந்த இளைஞனுக்காகக் கண் கலங்காத தலைமுறை இல்லை. ஆனால் கோட்டைக்குள்ளே கணக்கு எழுதியவர்களும் நெல் அளந்தவர்களும் இருந்தார்களே, அவர்களுக்காக யார் கண் கலங்கினார்கள்?

சிவாஜியின் மகன் ராஜாராம், 1690 முதல் 1698 வரை, மொகலாயப் படை வெளியே முற்றுகையிட்டிருக்க, இங்கிருந்துதான் மராத்திய ராஜ்யத்தை ஆண்டார். 'பிரதிநிதி' என்ற பெரும் பதவியே செஞ்சியில்தான் பிறந்தது. தலைநகரம் என்றால் உத்தியோகஸ்தர்கள் இல்லாமல் தீருமா?

கிருஷ்ணகிரியின் உச்சியில் கவிமாடம் வைத்த கொலுமண்டபம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலிலும் அங்கே காற்று வீசும். ராஜகிரி அடிவாரத்திலோ தானியக் களஞ்சியம்: கனத்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டு. மண்டபத்தைக் கட்டியவன் அதில் அமரப் போகிறவரை நினைத்தான். களஞ்சியத்தைக் கட்டியவன் நெல்லை நினைத்தான். அளக்கிற ஆளை இருவருமே நினைக்கவில்லை.

ராஜகுடும்பத்துப் பெண்களுக்கென்று சொல்லப்படும் கல்யாண மகாலின் அமைப்பே வேறு. அடுக்கடுக்கான மாடிகள், மாடிதோறும் நடுவே ஒரு சிற்றறை, அதைச் சுற்றித் தாழ்வாரம். தனித்திருக்க அறை, கூடிப் பேசத் தாழ்வாரம். மனித மனத்துக்கு இரண்டுமே வேண்டும் என்று அந்தக் கொத்தனுக்குத் தெரிந்திருக்கிறது!

நம் காலத்துக் கம்பெனிகளுக்குத்தான் இது தெரியவில்லை. சுவரை இடித்துவிட்டால் சிப்பந்திகள் கலகலப்பாகப் பேசிப் பழகுவார்கள் என்று நம்பி, ஒரே கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். நடந்தது என்ன? அப்படி மாறிய இரண்டு பெரிய கம்பெனிகளை ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் இருவர் அளந்து பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவிகிதம் குறைந்து, மின்னஞ்சல் பெருகியிருந்தது. எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் மனிதன் வாயை மூடிக்கொள்கிறான். செங்கல் சுவர் போனால், மௌனத்தால் தனக்கொரு சுவர் எழுப்பிக்கொள்கிறான்.

2025-ல் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. பார்க்கப் போகிறவர்கள் மலையேறி, கொலுமண்டபத்துக் காற்றை ஆசை தீர அனுபவிக்கட்டும். இறங்கிய பிறகு அந்த இருட்டுக் களஞ்சியத்துக்குள்ளும் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். மறுநாள் ஆபீசுக்குப் போனதும், ஜன்னல் யார் பக்கம் இருக்கிறது என்று தானாகவே கண் தேடும்.