சாயம் வெளுக்காத திரைச்சீலை

ஒருவரின் உண்மையான குணம் வெளியில் தெரிந்துவிட்டால் "சாயம் வெளுத்துப் போச்சு" என்பார்கள். துவைக்கும் வரை எல்லாத் துணியும் நல்ல துணிதான். தண்ணீரில் நனைத்து வெயிலில் போட்ட பிறகுதான் எது நல்ல சாயம், எது பூச்சு என்று தெரியும். இந்தச் சோதனையில் தேறிய ஒரு திரைச்சீலையை ஐரோப்பிய அரசுகள் சட்டம் போட்டுத் தடுக்க நேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாத வரலாறு.

17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான வீடுகளில் கட்டிலைச் சுற்றித் திரை தொங்கும். குளிருக்கு அது அவசியம். ஆனால் அந்தத் திரைகள் பெரும்பாலும் கம்பளியும் பட்டும்தான். அவற்றைத் துவைக்க முடியாது. தூசியைத் தட்டலாம், தூரிகையால் தேய்க்கலாம், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அழுக்கும் அந்துப்பூச்சியும் அதிலேயே குடியிருக்கும். உள்ளூரில் அச்சடித்த துணிகளோ முதல் சலவையிலேயே நிறத்தை விட்டுவிடும்.

இந்த நேரத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சீட்டித் துணி போய் இறங்கியது. பருத்தித் துணியில் பூவும் கொடியும் மரமுமாகக் கையால் வரைந்த துணி. 1663-ல் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ், தன் மனைவியின் படிப்பறைச் சுவரில் பொருத்த இப்படி ஒரு துணியை வாங்கியதாகக் குறித்திருக்கிறார். பார்க்க அழகு என்பது ஒரு பக்கம். துவைத்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது என்பதுதான் ஐரோப்பியர்களைத் திகைக்க வைத்தது! 1708-ல் டேனியல் டீஃபோ, படுக்கையறைத் திரை முதல் நாற்காலி மெத்தை வரை எங்கு பார்த்தாலும் இந்தியத் துணியாகிவிட்டதே என்று புலம்பும் அளவுக்கு நிலைமை போயிற்று.

சரி, அந்தச் சாயம் ஏன் போகவில்லை? பதில் தூரிகையில் பாதி, சலவைத் துறையில் பாதி.

முதலில் கோரைத் துணியை வெளுப்பார்கள். பிறகு கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்க உதவும். பாலின் கொழுப்பு, வரையும் கோடு பரவாமல் காக்கும். சிவப்பு வேண்டிய இடங்களில் சாயம் தீட்டுவதில்லை, படிகாரக் கரைசலைத்தான் தீட்டுவார்கள். அதன்பின் துணி முழுவதையும் சாயவேரோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். சாயவேர் என்பது கடற்கரை மணலில் வளரும் ஒரு சிறு செடியின் வேர். ராமநாதபுரம், மன்னார், யாழ்ப்பாணம் பகுதிகளில் தோண்டி எடுக்கப்பட்டது. படிகாரம் பட்ட இடத்தில் சாயம் நூலோடு ஒன்றாகிவிடும். மற்ற இடங்களில் வெறும் கறையாக ஒட்டியிருக்கும்.

கொப்பரையிலிருந்து வெளியே வரும் துணி பார்க்கச் சகிக்காது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்குச் சிவப்பு. இனி வேலை சலவைக்காரருடையது. ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, புல்தரையில் விரித்து, வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுநாளும் இதே வேலை. இப்படிப் பல நாட்கள். மெல்ல மெல்லக் கறை மட்டும் கழன்று போகும், பிடித்த சிவப்பு நிற்கும். அதாவது, லண்டன் வீட்டில் முதல் சலவையைப் பார்க்கும் முன்பே அந்தத் திரை பல சலவைகளையும் கோடை வெயிலையும் தாண்டி வந்தது. நிற்காத சாயமெல்லாம் சோழமண்டலக் கரையிலேயே போய்விட்டது.

1742-ல் கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், மதம் மாறிய கைவினைஞர்களிடம் கேட்டறிந்து இந்த முறையைப் படிப்படியாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். தொழில் ரகசியம் அப்படித்தான் கப்பலேறியது.

சென்னை நகரம் வளர்ந்ததிலும் இந்தச் சலவைக்குப் பங்கு உண்டு. கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. துணி விரிக்கத் திறந்தவெளியும் தண்ணீரும் வேண்டும் அல்லவா? 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியபோதும் நெசவாளர், நூற்பவர், சாயம் தீட்டுபவரோடு சலவைக்காரர்களையும் குடியமர்த்தினார்கள். ஆனாலும் சீட்டித் துணியைப் புகழும் புத்தகங்கள் ஓவியரைப் பாராட்டும் அளவுக்குச் சலவைக்காரரைக் கண்டுகொள்வதில்லை. இது நியாயமே இல்லை.

ஐரோப்பிய நெசவாளர்களுக்கோ இது வயிற்றுப் பிழைப்புப் பிரச்சினை. பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. இங்கிலாந்தின் முதல் தடை 1701-ல் நடைமுறைக்கு வந்தது. அது போதாமல் 1719-ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்தி அச்சுத் துணி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். பட்டினி கிடந்தவர்களின் கோபம் புரிகிறது, ஆனால் அதைத் தாங்கியவர்கள் தெருவில் போன பெண்கள். 1721-ல் வந்த சட்டம் உடையோடு நிற்கவில்லை. கட்டில், நாற்காலி, மெத்தை, ஜன்னல் திரை என்று வீட்டுச் சாமான்களிலும் இத்துணி கூடாது என்றது. ஜன்னல் திரைக்குப் பயந்த பாராளுமன்றம்!

1774-ல் உள்நாட்டில் நெய்து அச்சடித்த பருத்திக்கு விலக்கு கிடைத்தது. இந்தியத் துணிக்கு இல்லை. அதையொட்டிய காலத்தில்தான் புகழ்பெற்ற நாடக நடிகர் டேவிட் கேரிக் மாட்டிக்கொண்டார். கல்கத்தா நாடக அரங்குக்குச் செய்த உதவிக்கு நன்றியாக, அங்கிருந்த வணிகர்கள் அவர் மனைவிக்கு மசூலிப்பட்டினத்துச் சீட்டியில் கட்டில் திரைகளை அனுப்பினார்கள். சுங்க அதிகாரிகள் அவற்றைப் பறிமுதல் செய்தார்கள். திரைக்குப் பொருத்தமாகச் சுவர்த்தாளும் நாற்காலிகளும் தயார் செய்துவிட்டு மனைவி கலங்கிப் போயிருக்கிறாள் என்று கேரிக் அரசு அதிகாரிக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். அந்தத் திரைகள் பின்னர் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

இன்னொரு வேடிக்கை. 19-ம் நூற்றாண்டில் ஆங்கில இல்லத்தரசிகளுக்கான கையேடுகள், சீட்டித் திரையைச் சோப்பு போடாமல் அரிசி வேகவைத்த கஞ்சித் தண்ணீரில் துவைக்கச் சொல்லின. துணியும் நம்மூர், கஞ்சியும் நம்மூர்!

பழைய சீட்டித் துணிகளில் இலைகள் பல நீலமாகத் தெரியும். வரைந்தவரின் விருப்பம் அல்ல அது. அவுரி நீலத்தின் மேல் கடைசியாக மஞ்சள் தீட்டித்தான் பச்சை கொண்டுவந்தார்கள். அந்த மஞ்சளுக்கு மட்டும் படிகாரமும் சாயவேரும் தந்த உறுதி இல்லை. துவைக்கத் துவைக்க, வெயில் பட, அது போய்விட்டது. சிவப்புப் பூக்கள் அப்படியே இருக்கின்றன.