திறப்பு யாருக்கு உரியது? – கட்டுப்பாட்டுக் கருவிகளின் கடவுச்சொல்லை மீறுதல் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

பூட்டை உடைப்பவன் கள்வன் என்பது பொது வழக்கு. ஆனால் பூட்டிய வீடு தன்னுடையதாகவும் திறப்பு மாத்திரம் அதனைச் செய்த கொல்லனிடத்திலும் இருக்குமாயின் அவ்வழக்குப் பொருந்துமா? ஆலைகளையும் புகையிரதங்களையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் கடவுச்சொற்களை மீறுதல் முறையா என இன்று எழுந்துள்ள விவாதம் இவ்வினாவையே சுற்றி நிற்கின்றது. இதன் வேர்களோ கணினிக்கு முந்தியவை.

1851ஆம் ஆண்டு இலண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடைபெற்ற வேளையில், அமெரிக்கரான ஆல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ், திறக்கவியலாததெனப் புகழப்பட்ட சப் நிறுவனத்தின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். அடுத்து அவர் கைவைத்தது பிரமா பூட்டில். திறப்போருக்கு 200 கினி பரிசு என்னும் அறிவித்தலுடன் பிக்காடிலிக் கடையொன்றின் யன்னலிற் பல தசாப்தங்களாக அது வீற்றிருந்தது. 16 நாள்களிற் பரந்த 51 மணித்தியால முயற்சியின் பின் அதுவும் திறந்துகொண்டது. பூட்டின் குறையைப் பகிரங்கப்படுத்துதல் கள்வருக்குப் பாடஞ் சொல்வதாகாதா என்று பலர் வெகுண்டனர். கள்வர் தம் தொழிலை ஏற்கெனவே நன்கறிந்தவர், அறியாதிருப்போர் பூட்டை வாங்கியோரே என்னும் கருத்துப்பட 1853இல் வெளிவந்த ஹொப்ஸின் நூல் விடை கூறிற்று. (ஹொப்ஸும் பூட்டு விற்க வந்தவரே என்பதை நாம் மறத்தலாகாது.)

கட்டுப்பாட்டுக் கருவியின் வரலாறு பூட்டில் தொடங்கவில்லை. ஒவ்வொரு புதிய வாகன வகைக்கும் ரிலேப் பலகைகளின் கம்பிகளை மீண்டும் மீண்டும் மாற்றிக் களைத்த ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1968இல் ஒரு மாற்றுக் கருவியை வேண்டிற்று. டிக் மோர்லியும் அவருடைய கூட்டாளிகளும் அமைத்த மொடிக்கொன் 084 அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஆலையின் மின்வினைஞரே படித்து மாற்றத்தக்க ஏணி வடிவ வரைபடத்தில் அதன் நிரல் அமைந்தது. தொழிலாளிக்குத் திறந்திருத்தலே அக்கருவியின் பிறவிக்குணம். கடவுச்சொல் பின்னர் வந்தது. வந்தபோது அது இரு பணிகளை ஒருங்கே ஏற்றது: அறியாதார் கைபட்டு விபத்து நேராமற் காப்பது ஒன்று, விற்றவரின் வணிக இரகசியத்தைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பூட்டினுள் அடைபட்டதே பிற்காலச் சிக்கலுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெற் அப்பூட்டின் முதற்பணி எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டிற்று. ஈரானின் நதான்ஸ் நிலையத்திற் சுழன்ற யுரேனியச் செறிவாக்கப் பொறிகளின் வேகத்தைக் குலைத்து, கண்காணிப்போர் திரையில் யாவும் வழமைபோற் தோன்றச் செய்தது அந்நிரல். அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, சீமென்ஸ் மென்பொருளினுள் உற்பத்தியாளரே நிலையாகப் பதித்துவிட்ட கடவுச்சொல். ஈராண்டுகளுக்கு முன்னரே வெளியில் கசிந்திருந்தது. அதனை மாற்றின் ஆலையின் இயக்கம் தடைப்படலாம் என்பதால் மாற்றவேண்டாம் என வாடிக்கையாளர் அறிவுறுத்தப்பட்டனர். உடையவன் மாற்றவியலாத, அந்நியன் அறிந்த பூட்டு அது!

போலந்து நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. கீழ்ச் சிலேசியப் பிராந்தியப் புகையிரத நிறுவனம், நியூவாக் தொழிற்சாலை செய்த தன் வண்டிகளைப் பராமரிப்புக்காக எஸ்.பி.எஸ். என்னும் வேறொரு பணிமனையிடம் ஒப்படைத்தது. 2022இல், வேலை செவ்வையாக முடிந்தும் வண்டிகள் நகரவில்லை. கருவிகள் யாவும் நலமெனக் காட்டின. சக்கரம் மட்டும் உருளவில்லை. வண்டிகள் குறைந்து பயணிகள் அல்லலுற்றனர். பணிமனை டிராகன் செக்டர் குழுவினரை அழைத்தது. கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவகத்தைப் பிரித்து வாசித்த அவர்கள், போட்டிப் பணிமனைகளின் புவியியல் ஆள்கூறுகளே நிரலிற் பொறிக்கப்பட்டிருந்தன என்றும், அவ்விடங்களில் வண்டி சில நாள்கள் தரித்து நின்றாற் பூட்டிக்கொள்ளும் என்றும் 2023 டிசெம்பரில் வெளியிட்டனர். நியூவாக் இதனை முற்றாக மறுத்தது. மென்பொருளில் வெளியார் கைவைத்தது பாதுகாப்புக்கு ஆபத்து என்றது. பின்னர் வழக்கும் தொடுத்தது. நிரலைத் தாம் மாற்றவில்லை என்பது ஆய்வாளர் கூற்று.

உரிமையாளனின் கட்சியே வலுவானது என்று நான் கருதுகின்றேன். முறைப்படி வாங்கியவர் பிழை திருத்தும் பொருட்டு நிரலைப் பிரித்து ஆராயலாம் என ஐரோப்பிய நீதிமன்றம் 2021இல் டொப் சிஸ்ரம் வழக்கிற் தீர்ப்பளித்துள்ளது. எனினும் புகையிரதம் அலுமாரி அன்று. அதன் தடுப்புக் கட்டளையிற் தவறு நேரின் மாள்பவர் பூட்டுக்கும் திறப்புக்கும் எவ்விதத் தொடர்புமற்ற பயணி. ஆகையால் வாசித்தல் ஒன்று, மாற்றுதல் வேறொன்று. வாசிப்பதற்கு உடையவனின் இசைவு போதும். மாற்றுவதற்கோ, மாற்றியபின் அவ்வண்டியைச் சோதித்து அதன் பொறுப்பைத் தன் பெயரில் ஏற்றுக் கையொப்பமிடும் ஒருவரும் வேண்டும். நியூவாக் தொடுத்த வழக்குப் பதிப்புரிமையையும் நேர்மையற்ற வணிகப் போட்டியையும் பற்றியது. நின்ற வண்டிகளுக்காகக் காத்திருந்த பயணிகள் அவ்வழக்கின் தரப்பினர் அல்லர்.