நண்டலாற்றின் இருகரையும்: நம் கடற்கரைத் தேவாலயத் தடம்

காரைக்கால் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதற்கண் எழுவது அம்மையாரின் திருவுருவமே. ஆனித் திங்களில் மாங்கனிகள் மாடங்களிலிருந்து இறைக்கப்படும் காட்சியை நம் ஊரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் இவ்வூரை நடுவாக வைத்து, வடக்கே தரங்கம்பாடியும் தெற்கே நாகையும் வேளாங்கண்ணியுமாக நீளும் மற்றொரு தடம் உண்டு. நம் இலக்கிய வட்டத்து அன்பர் சிலரும் என் மாணவியர் நால்வரும் ஒரு தை மாதத்து நாளில் அத்தடத்தில் சென்று வந்தோம். பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது அந்நாளே நினைவில் நின்றது.

தேவாலயத் தடம் என்னும் சொல்லை உலகறியச் செய்தது இசுபானியரின் கலிபோர்னியா. 1769 முதல் 1823 வரை, சான் தியேகோ தொடங்கிச் சொனோமா ஈறாக, பிரான்சிசுகன் துறவியர் 21 மறைப்பணித் தலங்களை நிறுவினர். அவற்றை இணைத்த வழிக்கு ‘அரச நெடுவழி’ என்று பெயர். பெயரே செய்தியைச் சொல்லிவிடுகிறது. அங்கே சிலுவையும் செங்கோலும் ஒரே வண்டியில் ஏறிச் சென்றன. அம்மண்ணின் பழங்குடியினர் அதற்குத் தந்த விலை பெரிது.

நம் கரையில் அத்தகைய ஒற்றை வழி அமையவில்லை. போர்த்துகீசியர் நாகையிலும், தேனியர் தரங்கம்பாடியிலும், பிரெஞ்சுக்காரர் காரைக்காலிலும் கொடி நாட்டினர். 1658இல் நாகை ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. ஒருநாள் பயணத்துக்குள் நான்கு அரசுகள்! இசுபானியத் தொடர்பு இங்கு அறவே இல்லை என்றும் கூறுதற்கில்லை. நவார் நாட்டில் பிறந்த பிரான்சிசு சேவியர், போர்த்துகல் மன்னரின் ஆதரவில் வந்தவர், 1545 ஏப்ரலில் நாகப்பட்டினத்திலிருந்து மடல் எழுதியிருக்கிறார். காற்று எதிர்த்தமையால் கடல்வழியை விடுத்து மயிலாப்பூருக்கு நடந்தே சென்றார். அவர் நடந்த வழி நம் ஊரைத் தொட்டுச் சென்றிருக்கும் என எண்ணத் தோன்றுகிறது.

காலையில் கோட்டுச்சேரி, பூவம் கடந்து, நண்டலாற்றைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்தோம். பொறையாறு வந்தது. இங்கு 1715ஆம் ஆண்டளவில் அச்சுப்பணிக்கெனக் காகித ஆலை ஒன்று எழுப்பப்பட்டது என்று சொன்னபோது மாணவியர் நம்ப மறுத்தனர். பேருந்து நிற்கும் ஊர் என்றே அவர்கள் அதனை அறிவர்.

தரங்கம்பாடியில் தேன்சுபர்க் கோட்டை 1620இல் இரகுநாத நாயக்கரின் உடன்பாட்டால் எழுந்தது. கோட்டையார் வழிபடச் சீயோன் ஆலயம் 1701இல் கட்டப்பட்டது. அங்குத் தமிழர்க்கு இடமில்லை. 1706 சூலை 9ஆம் நாள் கரையிறங்கிய சீகன்பால்கும் புளூச்சோவும் தமிழர்க்கென 1707இல் எருசலேம் ஆலயத்தை அமைத்தனர். அது இன்று இல்லை. இன்று நாம் காண்பது 1718இல் நிறைவுற்ற புதிய எருசலேம் ஆலயம். அதன் முகப்பில் தேனிய மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முடியும் பெயர்க்குறியும் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே சீகன்பால்கின் கல்லறை. 1719இல் இறந்தபோது அவருக்கு அகவை 36.

மன்னர் அனுப்பியவர் என்பதால் மன்னரின் ஆட்கள் அவரைப் போற்றினர் என்று கருதிவிடலாகாது. கோட்டைத் தலைவர் அவரை நான்கு திங்கள் அக்கோட்டையிலேயே சிறை வைத்தார். அரச நெடுவழிக்கும் நம் தடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இச்சிறையறை ஒன்றே காட்டும்.

தமிழாசிரியை என்ற முறையில் இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். திண்ணைப் பள்ளியில் சிறார்களுடன் அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்ற அவ்விளைஞர், வந்த ஈராண்டுக்குள் ஏடுகளைத் தொகுத்துப் பட்டியலிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செர்மானியத்தில் பெயர்த்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அவரது அச்சகத்தில் நிறைவுற்றது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை மட்டும் ஊரிலிருந்த மேலோர் அச்சிட விரும்பவில்லை. அது 1867இல்தான் வெளிவந்தது. மறுக்க வந்த சமயத்தை இவ்வளவு கற்பானேன் என்று அவர்கள் எண்ணினர் போலும். கற்றமையாலேயே அவர் இன்றும் நம் பாடத்தில் இருக்கிறார்.

ஆயினும் போற்றியே செல்லுதல் வரலாற்றுக்கு அழகன்று. சிலுவை வடிவில் அமைந்த அவ்வாலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் நெடுங்காலம் நிலவின. 1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் திருநிலை பெற்றார், அவர் வேளாளர். தஞ்சைப் பகுதியில் அரும்பாடுபட்ட உபதேசியார் இராசநாயக்கனுக்கு அப்பேறு கிட்டவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் கையால் நற்கருணை பெற உயர்சாதிக் கிறித்தவர் இசையார் என்பதே காரணம். இதனை நான் கூறியபோது மாணவி ஒருத்தி, “அம்மா, நம்ம ஊர்ல எப்படி இருந்திருக்கும்?” என்றாள். உடனே விடை கூறாமல் வண்டியில் ஏறினேன்.

நாகையில் ஒல்லாந்தர் கட்டிய பேதுரு ஆலயத்தை வெளியிலிருந்தே கண்டோம். வேளாங்கண்ணியில் வழக்கம்போல் கூட்டம். புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகளின் கதை அங்கே வாய்மொழியாக வாழ்கிறது. 1962இல் அது பெருங்கோயில் தகுதி பெற்றது. அதே ஆண்டில்தான் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கொண்டுபோன உயிர்களை எண்ணி அக்கரையில் எவரும் அதிகம் பேசவில்லை. மாணவியருள் இருவர் கடற்கரைச் சிற்றூரினர்.

திரும்பும் வழியில்தான் விடை கூறினேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745 அக்டோபரில் ஒரு செய்தியைப் பதிந்துள்ளது. புதுச்சேரித் தேவாலயத்தின் வடபுறத்தே உள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் தாழ்த்தப்பட்டோர், மறுபுறம் உயர்சாதியாரும் ஐரோப்பியரும். காரைக்கால் தேவாலயத்துக் குரு அங்குச் சென்றபோது அதனைக் கண்டார். அவர் தந்த ஊக்கத்தால் தாழ்த்தப்பட்ட மக்கள் திரண்டு பெரிய குருவிடம் சென்று, நாங்களும் உம் அடியார்தாமே, எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வேறுபாடு என்று முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். ஈற்றில், சுவர் நின்ற இடத்தில் நாற்காலிகளும் விசுப்பலகைகளும் எல்லையாக இடப்பட்டன.

1739இல்தான் பிரெஞ்சுக்காரர் வசமான சிற்றூர் காரைக்கால். அதன் குரு ஒருவர் தலைநகரின் சுவரை அசைத்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதே காலத்துக் குருமார் 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயிலை இடிப்பித்த செய்தியும் அதே நாட்குறிப்பில் உள்ளது. இரண்டையும் சேர்த்தே மாணவியர்க்குச் சொன்னேன். ஒன்றை விடுத்து மற்றொன்றைச் சொல்வது ஆசிரியர்க்குத் தகாது.

மாலையில் காரைக்கால் தேற்றரவு அன்னை ஆலயத்துள் நுழைந்தோம். வினாவிய மாணவி வடபுறச் சுவரோரமாக நடந்து சென்று, சிறிது நின்று, நடுவிலிருந்த விசுப்பலகையில் வந்து அமர்ந்தாள். அருகில் எனக்கும் இடம் விட்டாள். பூசைக்கு மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தோம்.